டேட்டாபேஸ் ஃபைல் திறக்கலன்னா பக்கத்துல இருக்கற ஜர்னல் ஃபைல அழிச்சிடாதீங்க

நீங்க கேட்டதைச் சுருக்கமா ஒருதடவ சொல்லிடறேன். கரண்ட் போய் கம்ப்யூட்டர் பட்டுனு ஆஃப் ஆயிடுச்சு, திரும்ப ஆன் பண்ணி பில்லிங் சாஃப்ட்வேர திறந்தா 'அட்டெம்ப்ட் டு ரைட் எ ரீட்ஒன்லி டேட்டாபேஸ்'னு வந்து நின்னுடுது, சரின்னு அந்த டாட் டிபி ஃபைல மட்டும் பென்டிரைவ்ல எடுத்து லேப்டாப்ல ஒரு வியூவர்ல திறந்தா 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் ஈஸ் மால்ஃபார்ம்ட்'னு வருது, பழைய மெஷின்ல அதே ஃபோல்டர்ல அதே பேரோட கடைசில ஹைஃபன் போட்டு ஜர்னல்னு ஒரு ஃபைல் புதுசா இருக்கு, அத அழிச்சா சரியாயிடுமா. இதானே?

அழிக்காதீங்க. பேர மாத்தாதீங்க, வேற ஃபோல்டருக்கு நகர்த்தாதீங்க, அந்த சாஃப்ட்வேர திரும்பத் திரும்ப திறந்தும் பாக்காதீங்க. நீங்க சொன்னத வச்சுப் பாத்தா உங்க டேட்டா முழுசா இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, அத இழக்கறதுக்கு இருக்கற ஒரே சுலபமான வழி அந்த ஜர்னல அழிக்கறதுதான்.

ஏன்னு சொல்றேன், புரிஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். உங்க ஃபைல் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். ஃபோன்லயும் பிரவுசர்லயும் சின்ன பில்லிங் சாஃப்ட்வேர்லயும் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டிருக்கறது பெரும்பாலும் இதான், 2000ல ரிச்சர்ட் ஹிப் ஆரம்பிச்சது, இப்ப நாம பாக்கற ஃபைல் வடிவம் 2004ல வந்த மூணாவது வெர்ஷனோடது. இது ஃபைல பக்கம் பக்கமா பிரிச்சு வச்சிருக்கும், இப்பல்லாம் சாதாரணமா ஒரு பக்கம் 4096 பைட். நீங்க ஒரு பில் போட்டு சேவ் பண்ணினா எந்தெந்த பக்கம் மாறப்போகுதோ அதோட பழைய நகல முதல்ல ஜர்னல்ல எழுதி வச்சுக்கிட்டு, அப்புறம்தான் ஒரிஜினல் பக்கத்து மேல புதுச எழுதும், எல்லாம் முடிஞ்சதும் ஜர்னல தானே அழிச்சிடும். கணக்கு நோட்டுல ஒரு பக்கத்த அழிச்சு எழுதறதுக்கு முன்னாடி பழசு என்ன இருந்துச்சுன்னு ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கற மாதிரிதான். அந்த சீட்டு இன்னும் கிடக்குதுன்னா வேலை நடுவுல நின்னு போச்சுன்னு அர்த்தம், நோட்டுல பாதி பக்கம் புதுசு பாதி பக்கம் பழசு. அடுத்த தடவ யார் அந்த ஃபைல திறந்தாலும் எஸ்க்யூலைட் அந்த ஜர்னலப் பாத்து, பழைய பக்கங்கள திருப்பி எழுதி, கரண்ட் போறதுக்கு முந்தின பில் வரைக்கும் ஒழுங்கா கொண்டுவந்து நிறுத்திடும்.

லேப்டாப்ல மால்ஃபார்ம்ட்னு வந்ததுக்கு காரணம் இப்ப புரியுதா, நீங்க நோட்ட மட்டும் கொண்டுபோனீங்க, சீட்டு பழைய மெஷின்லயே இருக்கு. ஒரிஜினல் மெஷின்ல ரீட்ஒன்லின்னு வந்ததுக்கும் அதேதான் காரணம்னு நினைக்கிறேன், பழைய பக்கத்த திருப்பி எழுதணும்னா அந்த ஃபைல்லயும் அந்த ஃபோல்டர்லயும் எழுதற பர்மிஷன் வேணும், முன்னாடி சாஃப்ட்வேர் அட்மின் அக்கவுண்ட்ல ஓடிக்கிட்டிருந்து ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் சாதாரண யூசரா திறந்திருப்பீங்க. ஃபைலுக்கு மட்டும் பர்மிஷன் குடுத்துட்டு ஃபோல்டர விட்டுடறவங்க நிறைய பேர், ஜர்னல உருவாக்கறதும் அழிக்கறதும் ஃபோல்டர்ல நடக்கற வேலை, அதனால ஃபோல்டருக்கும் வேணும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாஃப்ட்வேர முழுசா மூடுங்க, டாஸ்க் மேனேஜர்லயும் இல்லைன்னு பாத்துக்கங்க. டிபி ஃபைல், ஜர்னல், அதே பேர்ல ஆரம்பிக்கற வேற எது இருந்தாலும் எல்லாத்தையும் ஒண்ணா ஒரு புது ஃபோல்டருக்கு காப்பி பண்ணுங்க, அத ஜிப் பண்ணி பென்டிரைவ்ல தனியா வைங்க, அந்த ஜிப்ப யாரும் தொடக்கூடாது. அப்புறம் இன்னொரு காப்பி எடுத்து, எழுத பர்மிஷன் இருக்கற ஃபோல்டர்ல பேர் மாறாம ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, வியூவர்ல திறங்க. ரீட்ஒன்லி மோட்ல திறக்காதீங்க, சாதாரணமா திறங்க. நான் நினைக்கறது சரின்னா அது திறக்கும், ஜர்னல் ஃபைல் தானா காணாம போகும், கடைசி பில் மட்டும் இருக்காது. காப்பி எடுக்காம முதல்லயே ஏன் திறக்கக்கூடாதுன்னா, திறக்கறதே ஃபைல மாத்தற வேலை. சும்மா பாக்கத்தானே போறோம்னு நினைப்போம், ஆனா அந்த ரிப்பேர் உள்ள நடந்துடும், பாதில மறுபடி கரண்ட் போனா என்ன ஆகும்னு ரிஸ்க் எடுக்க வேணாம்.

இத இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பாத்த ஒரு எடத்துல இதே மாதிரி மெஷின் ஆஃப் ஆச்சு, கூட வேலை செஞ்ச ஒருத்தர் நல்ல எண்ணத்துலதான், ஏதோ டெம்ப் ஃபைல் மாட்டிக்கிட்டிருக்குன்னு ஜர்னல அழிச்சிட்டு திறந்தார். திறந்துச்சு. அதுதான் கொடுமை, திறந்துடுச்சு, எல்லாரும் நிம்மதியா மூணு நாள் வேலையும் பாத்தோம், நாலாவது நாள் ஒரு ரிப்போர்ட் எடுக்கும்போதுதான் மால்ஃபார்ம்ட்னு நின்னுச்சு. பாதி பழசு பாதி புதுசா இருந்த பக்கங்க மேல மூணு நாள் டேட்டா ஏறியிருந்துச்சு. கடைசில பேப்பர் பில்ல பரப்பி வச்சுக்கிட்டு எல்லாத்தையும் மறுபடி டைப் பண்ணினோம். திறக்கற ஃபைல் எல்லாம் நல்ல ஃபைல் இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

உங்க கேஸ் இதோட முடியலாம். ஆனா இதே மாதிரி ஃபைல் திறக்காம வேற யாராவது படிச்சா அவங்க நிலைமை வேறயா இருக்கலாம், அதனால மத்ததையும் சொல்லிடறேன்.

சில ஃபோல்டர்ல ஜர்னல் இருக்காது, அதுக்கு பதிலா பேர் கடைசில ஹைஃபன் போட்டு வால்னு (டபிள்யூ ஏ எல்) ஒண்ணும் எஸ்ஹெச்எம்னு ஒண்ணும் இருக்கும். இது 2010ல வந்த இன்னொரு முறை, இங்க எல்லாம் தலைகீழ். பழசுக்கு நகல் எடுக்காம, புதுசா எழுதறத எல்லாம் வால் ஃபைல்ல சேத்துக்கிட்டே போகும், ஒரிஜினல் ஃபைல தொடாது, வால் ஏறக்குறைய 1000 பக்கம் சேந்தப்புறம் இல்ல ப்ரோக்ராம ஒழுங்கா மூடும்போது தான் மெயின் ஃபைல்ல கொண்டு சேக்கும். அதனால இந்த வால அழிச்சா நீங்க அழிக்கறது குப்பைய இல்ல, சேவ் ஆனதுன்னு உங்களுக்கு ஏற்கனவே காட்டின கடைசி பல என்ட்ரிகள. எஸ்ஹெச்எம் மட்டும் வெறும் அட்டவணை, அது போனாலும் திரும்ப உருவாகிக்கும். தினமும் ராத்திரி டிபி ஃபைல மட்டும் காப்பி பண்ணி பேக்கப் எடுக்கறேன்னு சொல்றவங்களுக்கும் இது பொருந்தும், சாஃப்ட்வேர் ஓடிக்கிட்டிருக்கும்போது அப்படி எடுத்த காப்பில கடைசியா போட்டது பல இருக்காது, நேரம் சரியில்லைன்னா காப்பியே உடைஞ்சும் இருக்கும். பேக்கப்னா எஸ்க்யூலைட்டோட சொந்த பேக்கப் கமாண்ட், இல்ல வேக்யூம் இன்ட்டு, ரெண்டும் ஓடற டேட்டாபேஸ்லயே பத்திரமா எடுக்கும். இன்னொண்ணு, ஓடற டேட்டாபேஸ கிளவுட் சிங்க் ஆகற ஃபோல்டர்லயோ நெட்வொர்க் ஷேர்லயோ வைக்கவே வைக்காதீங்க. சிங்க் பண்ற சாஃப்ட்வேருக்கு இந்த ரெண்டு மூணு ஃபைலும் ஒரே பொருள்னு தெரியாது, ஒண்ண இப்ப ஏத்தும் இன்னொண்ண அப்புறம் ஏத்தும், வால் முறையோ நெட்வொர்க் ஷேர்ல வேலையே செய்யாது.

எரர் வாசகத்த அப்படியே எழுதி வச்சுக்கங்க, 'ஓப்பன் ஆகல'ன்னு மட்டும் சொன்னா யாராலயும் உதவ முடியாது, ஒவ்வொரு வாசகமும் வேற வேற வியாதி. 'டேட்டாபேஸ் ஈஸ் லாக்ட்'னு வந்தா ஃபைல் நல்லாத்தான் இருக்கு, வேற ஒரு ப்ரோக்ராம் பிடிச்சிருக்கு, பெரும்பாலும் மூடின மாதிரி தெரிஞ்சு பின்னாடி ஓடிக்கிட்டிருக்கற அதே சாஃப்ட்வேர்தான், அத நிறுத்தினா இல்ல மெஷின ரீஸ்டார்ட் பண்ணினா சரி. 'அனேபிள் டு ஓப்பன் டேட்டாபேஸ் ஃபைல்'னு வந்தா அது பாதை தப்பு, ஃபோல்டரே இல்ல, இல்ல பர்மிஷன் இல்ல, ஃபைலுக்குள்ள போய் எதையும் தேட வேண்டாம். 'நோ சச் டேபிள்'னு வந்தா ரொம்ப பேர் டேட்டா எல்லாம் போச்சுன்னு பதறிடறாங்க, ஆனா எஸ்க்யூலைட்டுக்கு ஒரு பழக்கம், சொன்ன எடத்துல ஃபைல் இல்லைன்னா சத்தமில்லாம காலியா ஒண்ண உருவாக்கிடும். சாஃப்ட்வேர் ஓடற ஃபோல்டர் மாறினதால வேற எடத்துல 0 பைட்ல ஒரு புது ஃபைல் பொறந்திருக்கும், உங்க நிஜ ஃபைல் பழைய ஃபோல்டர்லயே பத்திரமா இருக்கும், டிஸ்க் முழுக்க அந்த பேர தேடிப் பாருங்க.

'ஃபைல் ஈஸ் நாட் எ டேட்டாபேஸ்'னு வர்றதுதான் எனக்கு சுவாரசியமானது. ஃபைலோட முதல் 16 பைட்ல 'எஸ்க்யூலைட் ஃபார்மட் 3'ன்னு ஆங்கிலத்துல எழுதியிருக்கணும், அது இல்லைன்னா இந்த எரர். ஒரு ஹெக்ஸ் வியூவர்ல, அதாவது ஃபைல்ல இருக்கற பைட்டுகள அப்படியே காட்டற ப்ரோக்ராம்ல, காப்பிய திறந்து அந்த முதல் வரி என்ன சொல்லுதுன்னு பாருங்க, பாதி நேரம் பதில் அங்கயே இருக்கும். பி, கே ரெண்டு எழுத்துல ஆரம்பிச்சா அது ஜிப் ஃபைல், யாரோ பேர மாத்தி அனுப்பியிருக்காங்க, விரிச்சா உள்ள டேட்டாபேஸ் இருக்கும். ஹெச்டிஎம்எல்னு ஆரம்பிச்சா நீங்க டவுன்லோட் பண்ணினது டேட்டாபேஸே இல்ல, லாகின் பண்ணச் சொல்ற வெப்பேஜ். நாலு பைட் தள்ளி 'ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி' இல்ல 'ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி'ன்னு இருந்தா அது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைல், அத ஆக்சஸ்லதான் திறக்கணும், அதுலயும் ஆக்சஸ் 97ல செஞ்ச பழைய ஃபைல 2013லேர்ந்து வந்த ஆக்சஸ் ஏத்துக்காது, நடுவுல 2010 மாதிரி ஒண்ணுல திறந்து மாத்திக்கணும். 'எஸ்க்யூலைட் 2.1 டேட்டாபேஸ்'னே எழுதியிருந்தா அது ரொம்ப பழைய ரெண்டாவது வெர்ஷன், பழைய ப்ரோக்ராம்ல டெக்ஸ்டா டம்ப் எடுத்து புதுசுல ஏத்தணும். எழுத்தே இல்லாம முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கன்னாபின்னான்னு இருந்தா என்க்ரிப்ட் பண்ணியிருக்கலாம், சாவி அந்த சாஃப்ட்வேர்கிட்டதான் இருக்கும், எந்த ரிப்பேர் டூலும் அத உடைக்காது. பழைய வெர்ஷன்ல இந்த எரரே 'ஃபைல் ஈஸ் என்க்ரிப்டட் ஆர் ஈஸ் நாட் எ டேட்டாபேஸ்'னுதான் வரும், அத பாத்துட்டு வைரஸ் பூட்டிடுச்சுன்னு பயந்தவங்களும் உண்டு.

முழுக்க பூஜ்யமா இருந்தா, அதாவது சைஸ் சரியா இருக்கு ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல, அது கரண்ட் போனப்ப டிஸ்க்குல எழுதாமலே விட்டது. அதுக்கு எந்த வைத்தியமும் கிடையாது, பேக்கப் தேடறதுல நேரத்த செலவழிங்க.

தலைப்பு, அதாவது அந்த முதல் 16 பைட், சரியா இருந்தா சைஸ பாருங்க. பூஜ்யத்துலேர்ந்து எண்ணினா 16வது எடத்துலேர்ந்து ரெண்டு பைட்ல பக்கத்தோட அளவும், 28வது எடத்துலேர்ந்து நாலு பைட்ல மொத்தம் எத்தனை பக்கம்னும் இருக்கும். 4096 பைட் பக்கம் 5000 இருக்குன்னு அது சொன்னா ஃபைல் சரியா 2,04,80,000 பைட் இருக்கணும். குறைவா இருந்தா காப்பி பாதில அறுந்து போச்சு, உங்க கையில இருக்கறது துண்டு, முழு ஃபைல் வேற எங்கயோ இருக்கு, ரிப்பேர் பண்ண உக்காராம மறுபடி காப்பி எடுங்க. கொஞ்சம் பெருசா இருந்தா, எஃப்டிபில (நெட்வொர்க்ல ஃபைல் அனுப்பற ஒரு முறை) டெக்ஸ்ட் மோட்ல அனுப்பினாங்களான்னு கேளுங்க, அது ஒவ்வொரு 10ங்கற பைட்டுக்கு முன்னாடியும் 13ன்னு ஒண்ண செருகிடும், டேட்டாபேஸ் நாசமாயிடும், பைனரி மோட்ல திரும்ப அனுப்பச் சொன்னா தீர்ந்துச்சு.

இதெல்லாம் சரியா இருந்தும், கூட வர வேண்டிய ஃபைலெல்லாம் பக்கத்துல இருந்தும் மால்ஃபார்ம்ட்னுதான் வருதுன்னா இப்பதான் நிஜமான ரிப்பேர். டிஸ்க்கே கரகரன்னு சத்தம் போடுது, காப்பி பண்ணும்போதே நின்னு நின்னு போகுதுன்னா முதல்ல டிடிரெஸ்க்யூ மாதிரி ஒண்ண வச்சு டிஸ்க்கோட இமேஜ் எடுங்க, செத்துக்கிட்டிருக்கற டிஸ்க்குல எந்த வேலையும் செய்யாதீங்க.

எஸ்க்யூலைட்டோட கமாண்ட் லைன் ப்ரோக்ராம் இலவசம், அதோட சொந்த தளத்துலயே கிடைக்கும், புது வெர்ஷனா எடுங்க. காசு கேக்கற ரிப்பேர் சாஃப்ட்வேர வாங்கறதுக்கு முன்னாடி இத முயற்சி பண்ணிடுங்கன்னு கெஞ்சி கேட்டுக்கறேன், அதுலயும் உங்க டேட்டாவ ஏதோ வெப்சைட்டுல ஏத்தச் சொல்ற டூல் வேண்டவே வேண்டாம், அதுல உங்க கஸ்டமர் பேர், ஃபோன் நம்பரெல்லாம் இருக்கு.

முதல்ல காப்பி மேல ப்ராக்மா இன்டெக்ரிட்டி செக் ஓட்டுங்க. ஓகேன்னு ஒரே வார்த்தை வந்தா ஃபைல் நல்லா இருக்கு, கோளாறு சாஃப்ட்வேர்லதான். தப்புகள அடுக்கினா பொறுமையா படிங்க, ஏன்னா எல்லா வரியுமே 'இத்தனாவது ரோ இன்டெக்ஸ்ல இல்ல', 'இன்டெக்ஸ்ல என்ட்ரி எண்ணிக்கை தப்பு'ங்கற மாதிரி இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், புத்தகத்துக்குள்ள ஒண்ணும் ஆகல, பின்னாடி இருக்கற சொல்லடைவு மட்டும் கலைஞ்சிருக்கு. ரீஇன்டெக்ஸ்னு ஒரு கமாண்ட் குடுத்தா தீர்ந்துடும்.

பக்கங்களே உடைஞ்சிருந்தா ரெண்டு வழி. பழைய வழி டம்ப், முழு டேட்டாபேஸையும் எஸ்க்யூஎல் டெக்ஸ்டா எழுதித் தரும், அத புது ஃபைல்ல ஏத்தணும். இதுல நிறைய பேர் ஏமாந்து போற ஒரு எடம் இருக்கு. படிக்கும்போது தப்பு வந்தா அந்த டெக்ஸ்டோட கடைசி வரில ரோல்பேக்னு எழுதி முடிச்சிடும், நீங்க அப்படியே ஏத்தினா ஆயிரக்கணக்கான வரி ஓடும், கடைசி வரி வந்ததும் மொத்தமும் அழிஞ்சு காலி ஃபைல் மிஞ்சும், அய்யோ ஒண்ணுமே இல்லையேன்னு விட்டுடுவாங்க. அந்த கடைசி ரோல்பேக்க கமிட்னு மாத்திட்டு ஏத்துங்க, கிடைச்சது எல்லாம் நிக்கும். ஒரு டேபிள் பாதில நின்னுச்சுன்னா அத மட்டும் ரோஐடி (ஒவ்வொரு வரிக்கும் உள்ள நம்பர்) வரிசைல கீழேர்ந்து மேல படிச்சுப் பாருங்க, உடைஞ்ச பக்கத்துக்கு முன்னாடி இருக்கறது மேலேர்ந்து படிக்கும்போதும் பின்னாடி இருக்கறது கீழேர்ந்து படிக்கும்போதும் வந்துடும், நடுவுல கொஞ்சம் மட்டும்தான் போகும்.

புது வழி ரெக்கவர், 2019ல வந்துச்சு. இது அட்டவணைய நம்பாம ஒவ்வொரு பக்கமா தானே தோண்டி எடுக்கும், எந்த டேபிளோடதுன்னு தெரியாத வரிகள லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்னு தனி டேபிள்ல போட்டுக் குடுக்கும். நான் இப்பல்லாம் நேரா இதுக்குத்தான் போறேன். ஆனா ஒரு எச்சரிக்கை, நீங்க எப்பவோ டெலீட் பண்ணின வரிகளும் உயிரோட திரும்பி வரலாம், ஏன்னா டெலீட் பண்ணினாலும் அந்த எடத்த காலின்னு குறிச்சுக்குமே தவிர உடனே துடைக்காது. கேன்சல் பண்ணின பில்லு மறுபடி கணக்குல ஏறினா அது வேற தலைவலி. அதுக்கு ஃப்ரீலிஸ்ட்ட, அதாவது காலின்னு குறிச்ச பக்கங்கள, விட்டுடச் சொல்ற ஆப்ஷன் இருக்கு, அதோட ஒருதடவ, இல்லாம ஒருதடவ ரெண்டு தனித்தனி ஃபைலா எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.

எடுத்ததும் உடனே வேலைக்கு விட்டுடாதீங்க. புது ஃபைல்லயும் இன்டெக்ரிட்டி செக் ஓட்டுங்க, ஒவ்வொரு டேபிள்லயும் எத்தனை வரி இருக்குன்னு எண்ணுங்க, பில் நம்பர் வரிசைல ஓட்டை இருக்கா ரெண்டு தடவ வந்திருக்கான்னு பாருங்க, பிரிண்ட் எடுத்து வச்ச ஏதாவது ஒரு மாச ரிப்போர்ட் இருந்தா அந்த மொத்தத்தோட சரிபாருங்க. இதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்த மிச்சம் பிடிக்காதீங்க.

கடைசியா அந்த புது ஃபைல சாஃப்ட்வேர் ஃபோல்டர்ல பழைய பேர்லயே வைப்பீங்க இல்லையா, அதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டர்ல பழைய ஜர்னலோ வாலோ கிடக்குதான்னு பாருங்க. இத்தனை நேரம் தொடாதீங்கன்னு சொன்ன அதே ஃபைல இப்ப மட்டும் கண்டிப்பா அங்கேர்ந்து எடுத்து வெளியில வச்சிடணும், ஏன்னா எஸ்க்யூலைட் பேர மட்டும்தான் பாக்கும், அது பழைய ஃபைலோட சீட்டுன்னு அதுக்குத் தெரியாது, பழைய பக்கங்கள கொண்டுபோய் உங்க புது ஃபைல் மேல எழுதிடும், பாடுபட்டு மீட்டதெல்லாம் முதல் தடவ திறக்கும்போதே உடைஞ்சு போகும்.